இருபத்தாறு எலும்புகளுக்கு ஓர் உறை

மனிதர் அணியும் பாதரட்சைகளில் பெரும்பாலானவை நடப்பதற்காக ஏற்பட்டவை. பனிச்சரிவில் சறுக்கி இறங்குகின்றவர் அணியும் பூட்ஸோ, நடையைச் சிரமமாக்கியேனும் வேறொரு காரியத்தைச் சாதிப்பதற்காக ஏற்பட்டது. ஆல்ப்ஸ் மலைச் சரிவொன்றில், இரண்டு நீண்ட பலகைகளின் மீது நின்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகின்ற ஒருவருக்கு, திரும்புவதற்கும் வேகத்தைத் தணிப்பதற்கும் நிற்பதற்கும் உள்ள பிரதான உபாயம், பலகையின் அடியில் இருபுறமும் பதிக்கப்பட்டுள்ள எஃகு விளிம்புகளைப் பனியில் சாய்த்து ஊன்றுவதேயாகும். அந்தச் சாய்வை உண்டாக்குவது கால். அதைப் பலகைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பூட்ஸ். பூட்ஸின் மேல்விளிம்பு, அடியிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரத்தில் கணைக்காலைப் பற்றியிருக்கிறது என்று கொள்வோம். அவ்விடத்தில் காலுக்கும் பூட்ஸுக்கும் இடையே 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்துவிட்டால், கால் 2 பாகைக்கு மேல் சாய்ந்த பிறகுதான் பலகை சாயத் தொடங்கும். அதற்குள் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு கழிந்ததென்றாலும், நம் சறுக்கர் ஒன்றரை மீட்டருக்கு மேல் கடந்து போயிருப்பார். வழியில் ஒரு பாறையோ மரமோ மற்றொரு மனிதரோ இருந்தால் அந்த ஒன்றரை மீட்டரின் மதிப்பு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, பூட்ஸ் காலை அசையாமல் பற்ற வேண்டும் என்பது தெளிவு. ஆனால் பற்றப்படும் பொருள் எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகளும், அவை ஒன்றோடொன்று சந்திக்கும் 33 மூட்டுகளும், அவற்றைப் பிணைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட பந்தகங்களும் உள்ளன. குதிகால் நிலத்தைத் தொடும் கணத்தில் இவையெல்லாம் தளர்ந்து கொடுத்து, உள்வளைவு சிறிது தாழ்ந்து, பாதம் நீண்டு அகன்று, உடற்பாரத்தின் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கின்றன. விரல்களால் நிலத்தை உந்தி எழும் கணத்தில் அதே எலும்புகள் இறுகிக்கொண்டு, வளையாத ஒரே கட்டையாகிவிடுகின்றன. நெகிழ்ச்சியும் விறைப்பும் ஆகிய இவ்விரு குணங்களும் மாறிமாறி ஒரே அவயவத்தில் தோன்றுவதைப் போன்ற அற்புதம் நம் சரீரத்தில் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். நடைக்கு வரமாக அமைந்த அந்த நெகிழ்ச்சியே சறுக்குவோருக்கு இடையூறாகிறது. ஏனெனில் ஒவ்வொரு முறையும் பாதம் அகன்று தாழ்வதில் செலவாகும் அசைவு, விளிம்பைச் சென்றடையாத அசைவாகும். உயிருள்ள, இரத்தம் ஓடுகின்ற, ஒவ்வொரு கணமும் உருவம் மாறுகின்ற பாதத்தை, அதற்குத் தீங்கு நேராவண்ணம் உருவம் மாறாமல் நிறுத்திவைப்பது எப்படி என்பதே பூட்ஸ் செய்வோர் விடுவிக்க வேண்டிய புதிர்.

இறுக்கமே வலிக்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். சௌகரியம் வேண்டுவோர் சற்றுப் பெரிய பூட்ஸை வாங்க வேண்டும், திறமை வேண்டுவோர் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று, இரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலப் பேசுகிறார்கள். பௌதிக சாஸ்திரம் இதை ஏற்பதில்லை. அழுத்தம் என்பது விசையை அது விழும் பரப்பளவால் வகுத்துக் கிடைப்பது. ஒரே அளவு விசை 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழும்போது உண்டாகும் அழுத்தத்தைக் காட்டிலும், 2 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ஓர் எலும்பு முனையில் விழும்போது உண்டாகும் அழுத்தம் 25 மடங்கு அதிகம். தலைச்சுமை தூக்குகின்ற பெண்மணி சும்மாட்டைச் சுருட்டி வைத்துக்கொள்வது சுமையைக் குறைப்பதற்கன்று. அதே சுமையைத் தலையில் பரவச் செய்வதற்கே. பூட்ஸும் அப்படித்தான். பாதத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே சீராகப் பதிந்திருக்கும் இறுக்கத்தை உடல் சிறிது நேரத்தில் மறந்துவிடுகிறது. கணுவின் முனையிலோ சிறுவிரலின் அடிமூட்டிலோ மட்டும் பதியும் மெல்லிய அழுத்தத்தை மாலைவரை மறக்க இயலுவதில்லை.

இதில் இரத்த ஓட்டத்தின் சங்கதியும் அடங்கியிருக்கிறது. தோலிலுள்ள நுண்குழாய்களுக்குள் இரத்தத்தின் அழுத்தம், இதய மட்டத்தில் அளந்தால், தமனியோரத்தில்கூடச் சுமார் 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேற்படுவதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராம் எடை என்று இதைச் சொல்லலாம். இதைவிட மிகுந்த அழுத்தம் ஓரிடத்தில் நீடித்து நின்றால் அங்கே இரத்தம் தடைப்படக்கூடும். பாதத்தின் மேற்புறத்தில், தோலுக்கு வெகு அருகில், விரல்களுக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்லும் தமனி ஒன்றும், அதையொட்டி ஒரு நரம்பும் ஓடுகின்றன. இனி, தேவைக்கு மேல் பெரிய பூட்ஸ் அணிந்தவருக்கு என்ன நேர்கிறதென்று பார்ப்போம். பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்குகிறது. கால்விரல்கள் முன்சுவரில் மோதி நகம் கறுக்கிறது. வழுக்கலைத் தடுக்க அவர் மேற்புறக் கொக்கிகளை மேலும் மேலும் இறுக்குகிறார். இறுக்கம் முழுவதும் மேற்பாதத்தின் தமனி மீதும் நரம்பு மீதும் விழுகிறது. விரல்கள் குளிர்ந்து மரத்துப்போகின்றன. பூட்ஸ் சிறிதாயிருப்பதால்தான் இந்த உபாதை என்று கருதி, அவர் அடுத்த பருவத்தில் இன்னும் பெரிய பூட்ஸையும், குளிருக்கென்று தடித்த காலுறையையும் வாங்குகிறார். தொழில் அறிந்தவர்கள் பூட்ஸ் கடைகளில் காணும் மிகச் சாதாரணமான தவறு இது. மெல்லிய காலுறை ஒன்றே போதும் என்று அவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம், தடித்த காலுறை மடிந்து புதிய அழுத்த முனைகளை உண்டாக்குவதும், நாள் ஏற ஏற நசுங்கிப் பிடியைத் தளர்த்துவதுமேயாகும்.

பூட்ஸைக் காலுக்குப் பொருத்துவது ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்குச் சரித்திரக் காரணம் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் சறுக்குப் பூட்ஸ் என்பது தோலால் தைத்து, கயிறிட்டுக் கட்டிய பூட்ஸே. ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியிலுள்ள லெக் கிராமத்தில் 1921-இல் தொடங்கிய ஸ்ட்ரோல்ஸ் குடும்பத்தாரின் பட்டறையைப் போன்ற இடங்களில், ஒவ்வொருவர் காலுக்கும் தனித்தனியே அளவெடுத்து அவற்றைச் செய்தார்கள். தோல் சில வாரங்களில் அணிகின்றவரின் எலும்புகளுக்கெல்லாம் இடம் கொடுத்து, அவருடைய காலின் உருவத்தையே தானும் அடைந்துவிடும். அத்தகைய இணக்கம் பின்னாளில் வந்த எந்தப் பொருளுக்கும் இயல்பாக அமையவில்லை. ஆனால் இணங்கும் அந்தக் குணம் ஓரிடத்தில் நின்றுவிடுவதன்று. பனிநீரை உறிஞ்சி, நனைந்து, நெகிழ்ந்து, பருவம் முடிவதற்குள் தோல் தன் வலிமையையும் இழந்துவிடும். 1950-களின் நடுவில், ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் மார்ட்டின் என்பவரின் யோசனையை ஏற்று ஹெங்கே நிறுவனத்தார் கயிற்றுக்குப் பதிலாக உலோகக் கொக்கிகள் வைத்த பூட்ஸைக் கொணர்ந்தார்கள். அது கட்டுவதை எளிதாக்கிற்றேயன்றித் தோலின் குறையைத் தீர்க்கவில்லை.

தீர்வு ஆல்ப்ஸிலிருந்து வரவில்லை. அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் டுபூக் என்னும் நகரம் இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான அதை மலைநாடென்று எவரும் சொல்லமாட்டார்கள். பிளாஸ்டிக் வேலையில் தேர்ந்த பாப் லாங்கே என்பவர், தோல் பூட்ஸின் தளர்ச்சியில் அதிருப்தி கொண்டு, அங்கே பல ஆண்டுகள் பரீட்சை செய்து, 1960-களின் நடுவில் பாலியூரிதேன் என்னும் பொருளால் வார்த்த பூட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குளிரில் உடையாமலும் ஈரத்தில் நெகிழாமலும், இன்று கொடுத்த விறைப்பை நாளையும் கொடுக்கும் அப்பொருள், சில ஆண்டுகளுக்குள் பந்தய வீரர்களிடையே தோலை வென்றது. இத்தாலியின் வெனெட்டோ பிரதேசத்தில், தலைமுறை தலைமுறையாக மலைப் பூட்ஸ் தைத்துவந்த மான்டெபெல்லூனா நகரமும் அதன் சுற்றூர்களும் ஊசியையும் நூலையும் விட்டு வார்ப்பு யந்திரங்களுக்கு மாறி, உலகின் சறுக்குப் பூட்ஸ்களில் பெரும் பங்கை உற்பத்தி செய்யும் ஸ்தானத்தை அடைந்தன. அத்தொழிலுக்கென்று ஒரு பொருட்காட்சிசாலையும் அங்கே நிறுவப்பட்டது. ஆனால் பூட்ஸின் வெளிச்சுவரான பாலியூரிதேன் ஓடு தானாக எவருக்கும் இணங்குவதில்லை. தோல் பல வாரங்களில் செய்த வேலையை இப்போது பொருத்துநர் என்னும் ஒரு மனிதர் தம் கையால் செய்ய வேண்டியதாயிற்று.

அவர் முதலில் செய்வது அளவெடுப்பு. சறுக்குப் பூட்ஸின் அளவு மாண்டோபாயிண்ட் என்னும் முறைப்படி, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அப்படியே குறிப்பது; 26.5 என்றால் இருபத்தாறரை சென்டிமீட்டர் பாதம். ஆனால் நீளம் ஒன்றே போதாது. 26.5 அளவில், முன்பாதத்தின் மிக அகன்ற இடத்தில் ஓடு 97 அல்லது 98 மில்லிமீட்டர் இருந்தால் அதைக் குறுகிய பூட்ஸ் என்றும், 100 இருந்தால் நடுத்தரமென்றும், 102-க்கு மேற்பட்டால் அகலமென்றும் சொல்வது வழக்கம். இதற்குமேல் மேற்பாதத்தின் உயரம், குதிகாலின் அகலம், கெண்டைக்காலின் பருமன் ஆகியவற்றையும் அவர் பார்க்கிறார். அளவெடுத்தபின், ஓட்டுக்குள் காலைச் சூழ்ந்திருக்கும் மெத்தென்ற உள்ளுறையை நீக்கிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விடச் செய்து, விரல்கள் முன்சுவரை இலேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதென்று ஒரு கோலை விட்டுப் பார்க்கிறார். ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் அது தேர்ந்த சறுக்கருக்கு ஏற்றது. இரண்டு என்றால் ஓய்வாகச் சறுக்குவோருக்குத் தகும். மூன்று என்றால் அந்தப் பூட்ஸை எந்தக் கைவன்மையாலும் காப்பாற்ற முடியாது. ஓட்டைப் பெரிதாக்க வழியுண்டு, சிறிதாக்குவதோ மிக அரிது என்பதால், பொருத்துநர் சிறியதன் பக்கமே சாய்கிறார். புதிதாக வாங்க வருகின்றவர் நிமிர்ந்து நின்று, விரல் முன்னே இடிக்கிறதென்று சொல்லி உடனே கழற்றிவிட முயல்வார். முழங்காலை முன்னே வளைத்தால் குதிகால் பின்னே சென்று அமர, விரல்களுக்கு இடம் கிடைக்கும். சறுக்கும்போது நிற்பது அந்த நிலையில்தான்.

அடுத்தது உள்ளடி. எந்தப் பூட்ஸிலும் வாங்கும்போது இருக்கும் உள்ளடித் தகடு பெரும்பாலும் பெயரளவுக்கு இருப்பதே. பாரம் ஏறும்போது உள்வளைவு தாழ்ந்து, அதன் உச்சியிலுள்ள படகெலும்பு உட்புறமாகத் தள்ளப்பட்டு ஓட்டில் அழுந்துகிறது. அதோடு கணைக்காலும் உட்புறம் திரும்பி, முழங்கால் மற்றதை நோக்கிச் சாய்கிறது. பாதத்தின் அடியை வார்த்தெடுத்து, அதற்கேற்ப அமைத்த உள்ளடியை இட்டால், தாழ்வதற்கு இடமின்றிப் பாதம் தன் உருவத்திலேயே நிற்கிறது. பூட்ஸ் சிறிதென்று முறையிட்டு வந்த எத்தனையோ பேருக்கு, ஓட்டில் கைவைக்காமலேயே இந்த ஒன்றால் இடம் கிடைத்துவிடுகிறது. ஏனெனில் அவர்களுடைய பாதம்தான் உள்ளே பரந்துகொண்டிருந்தது. உள்ளுறையை வெப்பத்தில் வார்ப்பதற்கு முன்பாக உள்ளடியை அமைக்க வேண்டும் என்னும் வரிசையை மாற்றிச் செய்கின்றவர் நல்ல பொருத்துநர் அல்லர்.

கணுக்காலின் அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். கணைக்கால் எலும்புகள் இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் கவைக்குள் டேலஸ் என்னும் எலும்பு அமர்ந்திருக்கிறது. அதன் முன்பகுதி அகன்றும் பின்பகுதி குறுகியும் இருப்பதால், முழங்காலை முன்னே சாய்க்கும்போது அகன்ற பகுதி கவைக்குள் புகுந்து ஆப்பாக இறுகுகிறது. பூட்ஸ் முன்சாய்வோடு செய்யப்படுவதில் இந்த லாபமும் உண்டு. ஆனால் சிலருக்குக் கெண்டைத் தசையும் குதிநாணும் குறுகியிருப்பதால் கணு அவ்வளவு தூரம் வளைவதில்லை. பூட்ஸ் வற்புறுத்தும் சாய்வைக் கணுவில் அடைய முடியாமல், குதிகால் தன் இடத்தைவிட்டு மேலே எழுகிறது. அவர்களும் கொக்கியை இறுக்குகிறார்கள்; பயனில்லை. குதிகாலுக்கடியில் சில மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் ஆப்பை வைத்தால், கணு வளைய வேண்டிய கோணம் குறைந்து குதிகால் அமர்ந்துவிடுகிறது. குதிகால் எழுகின்ற ஒருவருக்கு, அதை மேலும் உயர்த்துவதே பரிகாரம் என்பது முதலில் கேட்போருக்கு விபரீதமாகத் தோன்றும். உடற்கூறு அதைத்தான் விதிக்கிறது.

உள்ளுறையைக் காலுக்கேற்ப ஆக்குவதற்குப் பல வழிகள் தோன்றியிருக்கின்றன. காலைப் பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டே உறைக்குள் திரவ நுரையைச் செலுத்தி, அது பொங்கி இடுக்குகளை நிரப்பி இறுகும்வரை காத்திருப்பது ஒன்று. லெக் கிராமத்து ஸ்ட்ரோல்ஸ் பட்டறை இம்முறையால் பெயர் பெற்றது. வெப்பத்தில் இளகும் நுரைப் பிளாஸ்டிக் உறையை அடுப்பில் நூறு பாகைக்கு மேல் சூடாக்கி, விரல்களின் மீது ஒரு தொப்பியை இட்டு அவற்றுக்கு இடம் ஒதுக்கி, சூட்டோடு அணியச் செய்து ஆறவிடுவது மற்றொன்று. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் சார்பில் நவீன ஐவகைப் போட்டியில் கலந்துகொண்டு, பிற்பாடு வாழ்நாளைச் சறுக்குப் பூட்ஸுக்கே அர்ப்பணித்த ஸ்வென் கூமர், நுரையைக் கைவிட்டுத் தக்கைத் துகள் கலந்த ஒருவகைக் களிம்பை உறைக்குள் நிரப்பும் முறையைக் கண்டார். நுரை நாளடைவில் நசுங்கி மெலிகிறது. தக்கைக் களிம்போ அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்ந்து அங்கே தங்குகிறது. அழுத்தத்தைப் பரப்புவதே பொருத்தத்தின் சாரம் என்று மேலே சொன்ன கருத்தை, இவ்வளவு நேரடியாகப் பொருளில் வடித்த சாதனம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

உறையால் தீராதவை ஓட்டிலேயே தீர்க்கப்பட வேண்டும். எலும்பு துருத்தும் இடத்தில் உதட்டுச் சாயத்தைத் தடவிக் காலை உள்ளே விட்டால், கறை படியும் இடம் குற்றத்தின் இடத்தைக் காட்டிவிடும். அங்கே வெப்பக் காற்றை ஊதி, ஓடு இளகியதும் ஒரு திருகு யந்திரத்தால் உள்ளிருந்து வெளியே தள்ளி, முற்றிலும் ஆறும்வரை அழுத்தத்தை எடுக்காமல் வைத்திருப்பார்கள்; சீக்கிரம் எடுத்துவிட்டால் பிளாஸ்டிக் தன் பழைய உருவத்துக்குத் திரும்ப முனையும். இரண்டொரு மில்லிமீட்டர் மட்டும் வேண்டுமானால் உட்புறத்தைச் சுரண்டியே எடுத்துவிடுவதும் உண்டு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாலமன், பிஷர், அட்டாமிக் போன்ற நிறுவனங்கள் ஓடு முழுவதையுமே சூளையில் இளக்கிக் காலின்மீது அமைக்கும் பூட்ஸ்களைக் கொணர்ந்தன. அவை சிறந்த உதவியே. ஆயினும் கைவினைஞரின் கண்ணுக்கு அவை ஈடாகிவிடவில்லை.

இத்தனையும் முடிந்த பிறகு இன்னொரு சூக்ஷ்மம் எஞ்சுகிறது. மனிதரின் கால்கள் தூண்களைப்போல் நேரானவை அல்ல. சிலருக்கு முழங்கால்கள் உட்புறமும் சிலருக்கு வெளிப்புறமும் வளைந்திருக்கும். அப்படிப்பட்டவர் பலகையைத் தட்டையாக வைத்து நிற்கப் பார்த்தாலும், ஒரு விளிம்பு அவரறியாமலே பனியில் பதியும். பந்தயப் பயிற்சியாளரான வாரன் விதரெல், 1972-இல் வெளியான தம்முடைய நூலில் இந்தச் சாய்வுத் திருத்தத்தின் அவசியத்தை எடுத்துரைத்து, சறுக்குவோர் பலரின் கவனத்தை அதன்பால் திருப்பினார். பூட்ஸின் மேற்பகுதியைக் கணைக்காலின் சாய்வுக்கேற்பத் திருப்பி வைத்தும், தேவைப்பட்டால் அடிப்பாகத்தைச் சாய்வாகச் சீவியும் இதைச் செய்கிறார்கள். திருத்தம் பெரும்பாலும் அரைப் பாகையிலிருந்து இரண்டு பாகை வரைதான். தொடக்கத்தில் நாம் கணக்கிட்ட 1 சென்டிமீட்டர் இடைவெளி இரண்டு பாகைக்கு மேற்பட்ட தளர்ச்சியைக் கொடுத்தது நினைவிருக்கலாம். பெரிய பூட்ஸை அணிந்தவருக்கு இந்த நுண்ணிய திருத்தத்தால் லாபம் ஏதும் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

விறைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்ஸின்மீது 60 முதல் 150 வரை பொறித்துள்ள விறைப்பு எண்ணுக்கு எல்லா நிறுவனத்தாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது; ஒருவரின் 100 மற்றொருவரின் 110 ஆக இருக்கக்கூடும். பாலியூரிதேன் குளிரில் விறைப்பதால், கடையின் கதகதப்பில் மெத்தென வளைந்த பூட்ஸ் பூஜ்யத்துக்குக் கீழ் 15 பாகையில் வேறொன்றாகிவிடும். எண்ணை நம்பி வாங்குவதைவிட, தேர்ந்தவர் ஒருவர் முன்னிலையில் முழங்காலை வளைத்துக் காட்டி வாங்குவது மேல்.

உயர்ந்து விறைத்த இந்தப் பூட்ஸ் கணுக்காலைக் காத்தது. விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பைண்டிங் என்னும் பிணைப்புக் கருவி கணைக்கால் எலும்பு முறிவைப் பெரிதும் குறைத்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் 1972 முதல் பல்லாண்டுகள் சறுக்குக் காயங்களை ஆராய்ந்த ஜான்சன், எட்லிங்கர், ஷீலி ஆகிய மூவரும் இந்த நன்மையைப் பதிவு செய்தார்கள்; அதே காலத்தில் முழங்காலின் முன் குறுக்குப் பந்தகம் அறுந்துபோகும் காயங்கள் பெருகியதையும் பதிவு செய்தார்கள். பின்புறமாகச் சாய்ந்து விழுகின்றவரின் பலகையின் வால்பகுதி, குதிகாலுக்குப் பின்னால் நீண்ட நெம்புகோலாக நின்று முழங்காலை முறுக்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள். கணு அசையாதபடி பற்றப்பட்டிருக்கும்போது அம்முறுக்கு ஏறிச் சேரும் இடம் முழங்கால்தான்.

ஆதலால் பொருத்துநரின் பொறுப்பு பூட்ஸோடு தீர்ந்துவிடுவதில்லை. அடிப்பாகத்தைச் சீவியவர், பிணைப்புக் கருவி பற்றும் முன்முனையையும் பின்முனையையும் சர்வதேச நியமப்படி உரிய கனத்துக்கும் வடிவத்துக்கும் மீண்டும் கொண்டுவந்தாக வேண்டும். இல்லாவிடில் விடுவிக்க வேண்டிய கணத்தில் கருவி விடுவிக்காமல் போகக்கூடும். பிணைப்பின் விடுவிப்பு அளவை நிர்ணயிக்கும் அட்டவணையில் எடை, உயரம், வயது, சறுக்கும் வகை ஆகியவற்றோடு பூட்ஸின் அடிநீளமும் ஓர் அங்கம். அடி நீளமானால் அதே வில்விசை கணைக்கால்மீது அதிக முறுக்கைச் செலுத்திய பிறகே விடுவிக்கும். ஆகவே நீண்ட அடிக்குக் குறைந்த அளவும், குறுகிய அடிக்கு மிகுந்த அளவும் வைக்கப்படுகின்றன. காலுக்குச் சரியான, முன்னதைவிட இரண்டு அளவு சிறிய பூட்ஸை வாங்கி மகிழ்கின்றவர், தம் பழைய பலகைகளையும் அதே மேசைமீது வைத்து, பிணைப்புகளைப் புதிய அடிக்கேற்ப நகர்த்தி அளவு மாற்றிக்கொண்ட பின்னரே மலையேற வேண்டும்.